அக்கரையில் நின்ற அம்மா

ஓம் சரவணபவ!

நாளைக்கு 2021 மே 25, செவ்வாய்க்கிழமை, வைகாசி விசாகம். நம்ம முருகனோட ஜென்ம நட்சத்திரம்.

வழக்கமா இந்நேரம் திருச்சியில என்ன நடக்கும்னு ஊர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பால்குடம் எடுக்கிற வீடுகள்ல மஞ்சள் துணி கொடியில காயும். வயலூர் ரோட்டுல ராத்திரியே ஜனம் நடக்க ஆரம்பிச்சிடும். வழி நெடுக நீர்மோர்ப் பந்தல், அண்டா அண்டாவா பானகம். 2020ல அது இல்ல. 2021லயும் இல்ல. 2021 ஏப்ரல் 26லேர்ந்து கோயில்ல பக்தர்களுக்கு அனுமதி கிடையாதுன்னு ஆச்சு. மே 24 காலையிலேர்ந்து தளர்வில்லாத முழு ஊரடங்கு வேற வந்துச்சு. மளிகைக் கடைகூட இல்ல, காய்கறி வண்டி தெருவுக்கு வந்தாத்தான் குழம்புக்குக் காய்னு இருந்துச்சு.

ஒரு வாரமா தம்பி தங்கச்சிங்ககிட்டேர்ந்து வர்ற மெசேஜ்ல பாதி, ஒரே கேள்விதான். "அண்ணா, கோயிலுக்கும் போக முடியல. யாருக்காவது உதவி பண்ணலாம்னா வீட்ல வெளிய விடமாட்டேங்கறாங்க. கிட்ட போனா அவங்களுக்கு ஆபத்து, நமக்கும் ஆபத்து. அப்புறம் எப்படித்தான் சேவை பண்றது? சும்மா வீட்ல உக்காந்து கவசம் படிச்சா போதுமா?"

நியாயமான கேள்விங்க. இதுக்குப் பதில் தேடி எங்கேயும் போக வேண்டாம். மலைக்கோட்டைக்குப் போனா போதும். மனசால :)

மலைக்கோட்டையில மேல உச்சிப் பிள்ளையார், நடுவுல தாயுமானவர். நம்ம முருகனுக்கு ஒருத்தர் அண்ணன், ஒருத்தர் அப்பா. அந்த அப்பாவுக்குப் பழைய பேரு செவ்வந்திநாதர். செவ்வந்தி சூடின அந்தச் சிவபெருமானுக்குத் "தாயும் ஆனவர்"னு பேரு வந்த கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். செவ்வந்திப் புராணத்துல இருக்கு. ஆனா இந்த ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் அதே கதையைக் கேட்டா வேற மாதிரி கேக்குது.

ரத்னாவதினு ஒரு வணிகர் வீட்டுப் பொண்ணு. கல்யாணம் ஆகித் திருச்சியில இருக்கா. நிறைமாசம். பிரசவத்துக்கு அம்மா வரணும். அம்மா பூம்புகார்லேர்ந்து கிளம்பிட்டாங்க. பேறுகால மருந்து, எண்ணெய், பச்சை உடம்புக்காரிக்கு வேண்டிய சாமான் எல்லாம் மூட்டை கட்டிக்கிட்டுத்தான் வர்றாங்க. ஆத்தங்கரைக்கு வந்து பாத்தா காவிரியில வெள்ளம். ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டு ஓடுது. ஓடம் போகாது. இக்கரையில பொண்ணுக்கு வலி எடுத்திடுச்சு. "செவ்வந்திநாதா!"னு கதறுறா.

அப்போ வாசல்ல அம்மா வந்து நிக்கிறாங்க. அதே முகம், அதே புடவைக்கட்டு, கையில அதே மருந்து மூட்டை. உள்ள வந்து பிரசவம் பாக்கிறாங்க, குழந்தையைக் குளிப்பாட்டுறாங்க, பொண்ணுக்கு மருந்து அரைச்சுக் கொடுக்கிறாங்க. வெள்ளம் வடியுற வரைக்கும் கூடவே இருந்து எல்லாப் பணிவிடையும் செய்யுறாங்க. வெள்ளம் வடிஞ்சதும் நிஜ அம்மா ஓட்டமும் நடையுமா வந்து சேர்றாங்க. வாசல்ல ரெண்டு அம்மா! பொண்ணு திகைச்சு நிக்கையில முதல்ல வந்தவங்களைக் காணோம். வந்தது யாருன்னு அப்பத்தான் புரியுது.

இந்தக் கதையில எல்லாரும் ஈசனைத்தான் பாப்போம். பாக்கணும்தான். ஆனா இன்னிக்கு ஒரு நிமிஷம் அந்த அம்மாவைப் பாருங்க. அக்கரையில மூட்டையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்களே, அந்த அம்மா. பொண்ணுக்கு இன்னிக்கோ நாளைக்கோனு தெரியும். எதிர்க்கரையில மலை கண்ணுக்குத் தெரியுது. போக முடியல. அவங்களுக்குப் பாசம் இல்லையா? ஆத்துல குதிச்சிருக்கணும்னு நாம சொல்லுவோமா? குதிச்சிருந்தா அன்னிக்கே அந்தப் பொண்ணு அம்மாவை இழந்திருப்பா. அவங்க கரையில உக்காந்திருந்ததும் பாசத்துலதான். சொல்லப்போனா நடுராத்திரியில வெள்ளத்தைப் பாத்துக்கிட்டு உக்கார்றது, நீந்துறதை விடக் கஷ்டம்.

அந்த அம்மா இன்னிக்கு எங்கெல்லாம் உக்காந்திருக்காங்க தெரியுமா? ஸ்ரீரங்கத்துல அம்மா மண்டபம் ரோட்டுல வரிசையா ஃப்ளாட்டுங்க. எத்தனையோ வீட்ல அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். எழுபது, எழுபத்தஞ்சு வயசு. பசங்க அமெரிக்கா, சிங்கப்பூர், துபாய். உத்தர வீதி, சித்திரை வீதியிலயும் இதே கதைதான். நம்ம ஏர்போர்ட்லேர்ந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் பஸ் மாதிரி ஃப்ளைட் ஓடினப்ப, தூரம்னே தோணல. நாலு மணி நேரம், அவ்வளவுதானேனு இருந்தோம். இப்போ நடுவுல வெள்ளம் ஓடுது. அம்மாவுக்குக் காய்ச்சல்னு போன் வந்தா, அங்க இருக்கிற பையன் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கிறான். சிலர் இங்க ஓயாமாரியில நடந்த காரியத்தை அங்கேர்ந்து போன்லதான் பாத்தாங்க.

திரும்பி அந்தப் பக்கம் பாத்தாலும் இதேதான். 2020ல சிங்கப்பூர்ல தொழிலாளர் விடுதிகளை அடைச்சப்போ, மூணு லட்சத்துக்கும் மேலான பேர் அந்த விடுதிகளுக்குள்ள இருந்தாங்க. அதுல நம்ம திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பசங்க எத்தனை பேர்! அவங்க அம்மாக்கள் இங்க துறையூர்லயும் மணப்பாறையிலயும் போனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அங்க தெரியாத யாரோதான் சாப்பாடு கொடுத்தாங்க, மாத்திரை வாங்கிக் கொடுத்தாங்க, ஊருக்குப் பேச போனுக்கு டாப்அப் பண்ணி விட்டாங்க.

யாரோ. கதையே அந்த "யாரோ"தான். வர வேண்டியவங்க வர முடியாதப்போ, பக்கத்துல இருக்கிற ஒருத்தர் அந்த வேஷத்தைப் போட்டுக்கணும். ஈசன் அன்னிக்கு வெள்ளத்தை நிறுத்தியிருக்கலாம். கங்கையையே தலையில கட்டினவருக்குக் காவிரி எம்மாத்திரம்? நிறுத்தல பாருங்க. வெள்ளம் அது பாட்டுக்கு ஓடட்டும்னு விட்டுட்டு, தான் போய் மருந்து அரைச்சார். சித்திரைத் திருவிழாவுல மலைக்கோட்டையில இதை வைபவமாவே நடத்துவாங்க. அதுக்குப் பேரே "செட்டிப்பெண் மருத்துவம்". நம்ம சாமிக்கு நடத்துற உற்சவத்துல மருத்துவம்னு ஒண்ணு இருக்கு, கவனிச்சிருக்கீங்களா?

முருகனுக்கும் இதே கதைதான், நாளைக்குப் பிறந்தநாள் கொண்டாடுறோமே அவனுக்கு. சரவணப் பொய்கையில ஆறு குழந்தையாக் கிடந்தவனைத் தூக்கிப் பால் கொடுத்தது யாரு? பெத்தவங்க இல்ல. கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர். உமாதேவி வந்து ஒண்ணா அணைச்சுக்கிட்டது அதுக்கப்புறம். ஆனா பேரு என்னாச்சு? கார்த்திகேயன்! வளர்த்தவங்க பேர்ல மகனுக்குப் பேரு. ஒரு பிரசவம் பாத்ததுக்காக அப்பாவுக்குத் தாயுமானவர்னு பேரு. இந்தக் குடும்பத்துல பேரெல்லாம் அடுத்தவங்களைக் கவனிச்சதுலேர்ந்துதான் வருது. வேலைத் தூக்கி சூரனை அடிச்சதெல்லாம் பெரியவன் ஆனப்புறம் நடந்த கதை.

சரி, நடைமுறைக்கு வருவோம். ஈசன் வீட்டுக்குள்ள போனார், தொட்டுப் பணிவிடை செஞ்சார். இன்னிக்கு அந்த வேலையைச் செய்யறவங்க வேற இருக்காங்க. பெரியாஸ்பத்திரியில, அதான் நம்ம மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில, இந்த வெயில்ல கவச உடைக்குள்ள வேர்த்து ஊத்த நிக்கிற நர்ஸ் அக்காங்க, டாக்டருங்க, வார்டு கூட்டுற அம்மாக்கள். உள்ள போறது அவங்க. உங்களுக்கும் எனக்கும் வாசல் வரைக்கும்தான் வேலை. வாசல் வரைக்கும் போற வேலையே எக்கச்சக்கம் இருக்கு.

உங்க தெருவுல, உங்க அபார்ட்மென்ட்ல பிள்ளைங்க வெளியூர்ல இருக்கிற வீடு எதுன்னு ஒரு கணக்கு எடுங்க. நம்பர் வாங்கி வெச்சுக்கங்க. மெடிக்கல் ஷாப் திறந்திருக்கு. பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை தீர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே கேட்டு வாங்கி, கதவுல மாட்டிட்டு, பெல் அடிச்சிட்டு, பத்தடி தள்ளி வந்து நின்னு போன் போடுங்க. "மாமி, பை மாட்டியிருக்கேன், எடுத்துக்கங்க"னு சொல்லிட்டு உடனே ஓடிடாதீங்க. அங்க நின்னே பத்து நிமிஷம் பேசுங்க. மாத்திரை டெலிவரி பண்ண ஆப் இருக்கு. "சாப்டியாடா கண்ணா, உங்காத்துல எல்லாரும் சௌக்கியமா?"னு அவங்க கேக்குறதுக்கு ஒரு ஆள் வேணும்ல.

காய்ச்சல் இருந்தா ஆக்ஸிமீட்டர் வெச்சுப் பாக்கச் சொல்லுங்க. காலையும் சாயங்காலமும் நம்பரை உங்களுக்குச் சொல்லட்டும். 94க்குக் கீழ இறங்குச்சுனா, "கஷாயம் குடிங்க சரியாகிடும்"னு நீங்க வைத்தியம் சொல்லாதீங்க. டாக்டர்கிட்ட பேச வைங்க, 104க்குப் போடுங்க. வேப்பிலையும் விபூதியும் இருக்கட்டும், வேண்டாம்னு சொல்லல. செவ்வந்திநாதரே மருந்து அரைச்சுத்தான் கொடுத்தார்.

அப்புறம் தடுப்பூசி. 2021 மே மாசம் கோவிஷீல்டு ரெண்டாவது டோஸை 12லேர்ந்து 16 வாரத்துக்குத் தள்ளி வெச்சாங்க இல்ல, வயசானவங்களுக்கு ஒரே குழப்பம். ஊசி இல்லாமப் போச்சா, நம்மள விட்டுட்டாங்களானு பயம். உக்காந்து புரிய வைங்க. கோவின்ல பதிவு பண்ணிக் கொடுங்க. 18 வயசுக்கு மேல இருக்கிறவங்களுக்கும் தமிழ்நாட்டுல 2021 மே மாசம்தான் ஆரம்பிச்சாங்க, நீங்களும் முறை வந்தா போட்டுக்கங்க.

இன்னொண்ணு. இது நம்ம மாதிரி போனும் கையுமா இருக்கிற பக்தருங்களுக்கு மட்டும். "ஆக்ஸிஜன் பெட் இருக்கு, உடனே கூப்பிடவும்"னு ஒரு மெசேஜ் வந்தா, பன்னண்டு குரூப்புக்கு அனுப்புறதுக்கு முன்னாடி அந்த நம்பருக்கு நீங்க ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்க. பாதி நம்பர் எடுக்காது. மீதியில பாதி, மூணு நாளைக்கு முன்னாடியே பெட் தீர்ந்துபோன இடம். மூச்சு வாங்கிக்கிட்டிருக்கிற அப்பாவைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஒரு பொண்ணு அந்த நம்பருக்கெல்லாம் வரிசையாப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பா. அவளுக்கு நாப்பது பழைய நம்பர் வேண்டாம், வேலை செய்யற ஒரே ஒரு நம்பர் போதும். நாளைக்கு நூத்தியெட்டு தடவை சரவணபவ எழுதலாம்னு இருக்கிறவங்க, அதோட அஞ்சு நம்பரைச் சரிபார்த்து, எத்தனை மணிக்குச் சரிபார்த்தீங்கனு போட்டு அனுப்புங்க. ரெண்டும் ஜபம்தான்.

உதவி பண்ணும்போது போட்டோ வேண்டாமே. பொட்டலத்தை ஒருத்தர் நீட்ட, ஒருத்தர் தலை குனிஞ்சு வாங்க, நடுவுல நம்ம மூஞ்சி. நிஜ அம்மா வந்ததும் அந்தத் தாயுமானவர் எவ்வளவு வேகமா மறைஞ்சார் பாருங்க. ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கல!

இப்போ கொஞ்சம் மனசு கஷ்டப்படுற விஷயத்துக்கு வரேன்.

"சமூக இடைவெளி"னு ஒரு வார்த்தை ஒரு வருஷத்துக்கு மேலா காதுல விழுந்துக்கிட்டே இருந்துச்சு. எனக்கு அந்த வார்த்தையே பிடிக்கல. உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சுல, உடலால விலகியிருங்கனு சொல்ற மாதிரி வார்த்தையை மாத்திக்கிட்டாங்க. நம்ம ஊர்லயும் தனிநபர் இடைவெளினு சொல்லிப் பாத்தாங்க. ஏன் இந்த வார்த்தைக்கு இவ்வளவு கவலைனு கேட்டா, உறையூர்ப் பக்கம் திரும்பிப் பாருங்க.

திருப்பாணாழ்வார் உறையூர்க்காரர். பாணர் குலம். அந்தக் காலத்து வழக்கப்படி அவர் ஸ்ரீரங்கத்துக்குள்ள கால் வைக்கக் கூடாது. தென்கரையில நின்னு, ஆத்துக்கு அந்தப் பக்கம் தெரியுற கோயிலைப் பாத்துப் பாடிக்கிட்டே இருப்பார். ஒரு நாள் லோகசாரங்கர் பெருமாளுக்குத் தீர்த்தம் எடுக்க வர்றார். வழியில நிக்கிறார்னு ஒதுங்கச் சொன்னா, பாட்டுல மெய்மறந்து நிக்கிறவருக்குக் காது கேக்கல. கல்லை விட்டு எறிஞ்சார். நெத்தியில ரத்தம். கோயிலுக்குப் போய்ப் பாத்தா, பெருமாள் நெத்தியில ரத்தம்! அன்னிக்கு ராத்திரி பெருமாள் உத்தரவு போட்டார்: போய் அவரை உன் தோள்ல தூக்கிக்கிட்டு வா. தொடக் கூடாதுன்னு கல் எறிஞ்ச அதே ஆள், தோள்ல தூக்கிட்டு வந்தார். பெருமாள் முன்னாடி நின்னு பத்தே பாட்டு பாடினார் ஆழ்வார், அமலனாதிபிரான். நம்ம முருகனுக்கு மாமன் அவர், மாமன் வீட்ல நடந்த கதை நமக்கும் பாடம்தானே?

அதே காவிரிதான். அதே ரெண்டு கரைதான். ரத்னாவதியோட அம்மா கரையில நின்னது வெள்ளத்தால. பாணரைக் கரையில நிக்க வெச்சது மனுஷங்க. தூரத்துல இருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், ஒருத்தர் அந்தப் பக்கம் நிக்கிறார், அவ்வளவுதான். நாம இப்போ கடைப்பிடிக்கிற இடைவெளி எதுன்னு நமக்கு நாமே அடிக்கடி கேட்டுக்கணும். ஏன்னா முதல்ல சொன்னது ரெண்டாவதா மாறுறதுக்கு ரொம்ப நேரம் ஆகல. ராத்திரி பகலா வார்டுல வேலை பாத்துட்டு வர்ற நர்ஸை வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொன்னாங்க. தெரு கூட்டுற அம்மாவுக்குத் தண்ணி கொடுக்க யோசிச்சாங்க. கொரோனா வந்த வீட்டுக்குத் தகரம் அடிச்சு, குணமாகி வந்தப்புறமும் முகம் கொடுத்துப் பேசாம இருந்தாங்க. 2020 ஏப்ரல்ல சென்னையில டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் இறந்தப்போ, உடம்பை அடக்கம் பண்ணக்கூட விடாம ஆம்புலன்ஸைக் கல்லால அடிச்சாங்க. எத்தனையோ பேருக்கு வைத்தியம் பாத்த நரம்பியல் நிபுணர் அவர். ஆறடி தள்ளி நிக்கறதுக்கு மாஸ்க் போதும். கல் எதுக்குங்க?

இதுக்கு நேர் எதிரா ஒண்ணும் நடந்தது. சொந்தக்காரங்களே கிட்ட வரப் பயந்த உடம்புகளை, தமிழ்நாட்டுல பல ஊர்ல தமுமுக பசங்க கவச உடை போட்டுக்கிட்டு வந்து எடுத்தாங்க. இறந்தவர் இந்துன்னா எரியூட்ட உதவி, கிறிஸ்தவர்னா அவங்க முறைப்படி அடக்கம். கடைசியில தூக்க "நாலு பேர்" வேணும்பாங்க நம்ம வீட்டுப் பெரியவங்க. அந்த நாலு பேர் நோன்பு வெச்சிருந்த பசங்களா இருந்தாங்க, ரம்ஜான் மாசத்துல. பெத்த பிள்ளை அக்கரையில நிக்க, பிள்ளை வேஷத்துல வந்தது யாருன்னு நான் சொல்லணுமா?

கோயில் மூடியிருக்கேனு வருத்தப்படுறவங்களுக்கும் ஸ்ரீரங்கத்துலேர்ந்தே ஒரு செய்தி. 1323ல படையெடுப்பு வந்தப்போ மூலவருக்கு முன்னாடி சுவர் எழுப்பிட்டு, உற்சவரைத் தூக்கிக்கிட்டு பிள்ளை லோகாசாரியரும் அடியாருங்களும் தெற்கே போனாங்க. பெருமாள் ஊர் ஊராச் சுத்தி, திருமலையில இருந்து, திரும்பி வந்தது 1371ல. நாப்பத்தெட்டு வருஷம்! வந்தவர் பழைய பெருமாள்தானானு அடையாளம் சொல்ல ஆளே இல்ல. ஒரு தலைமுறையே போயிடுச்சு. கண் பார்வை போன ஒரு கிழவர், அந்தக் காலத்துல கோயில் வஸ்திரம் வெளுத்தவர், திருமஞ்சனம் ஆன ஈரத்துணியைப் பிழிஞ்ச தீர்த்தத்தை வாங்கி வாயில விட்டதும், "இவர் நம்பெருமாள்!"னு கத்தினாராம். பாக்காமலே தெரிஞ்சது அவருக்கு. அந்தப் பேருதான் இன்னிக்கும் நிலைச்சிருக்கு. நமக்கு ரெண்டு விசாகம் போச்சு. போகட்டும். 2021 தைப்பூசத்துக்கு சிங்கப்பூர்ல காவடியே இல்லாம, முன்பதிவு பண்ணி வந்து பால்குடத்தோட முடிச்சுக்கிட்டாங்க. முருகன் கோவிச்சுக்கிட்டதாத் தெரியல.

கோயில் நடை சாத்தியிருந்தாலும் மடைப்பள்ளி அடுப்பு அணையல, அதையும் சொல்லிடறேன். 2012ல நாள் முழுக்க அன்னதானம்னு தொடங்கினப்போ ஸ்ரீரங்கத்துலயும் பழனியிலயும்தான் முதல்ல ஆரம்பிச்சாங்க, மாமன் வீட்லயும் மருமகன் வீட்லயும். 2021ல உக்கார வெச்சுப் பந்தி போட முடியல. அதனால 2021 மே மாசம் அறநிலையத்துறைக் கோயில்கள்லேர்ந்து அரசு மருத்துவமனைகளுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் போச்சு. ஒரு நாளைக்கு 1 லட்சம் பொட்டலம்னு அறிவிச்சாங்க. வார்டுக்கு வெளிய மரத்தடியில ராத்திரி பகலா உக்காந்திருந்த குடும்பங்களுக்கு அதுதான் பிரசாதம். அர்ச்சனைக்குனு எடுத்து வெச்ச காசு உங்ககிட்ட இருந்தா அன்னதானத்துக்கு அனுப்புங்க.

நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு அவங்கவங்க வீட்டுலேர்ந்து கந்தசஷ்டி கவசம். வீடியோ காலுக்கு லிங்க் குரூப்ல வரும். போன் வழியா வர முடியாத பெரியவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்களுக்குச் சாதாரண காலே போட்டு, ஸ்பீக்கர்ல வைங்க. அவங்களுக்குப் புத்தகம் வேண்டியதில்ல, நமக்குத்தான் வேணும். சத்தம் கொஞ்சம் முன்ன பின்ன வரும், பரவாயில்ல.

அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. ஸ்ரீரங்கத்துல ரெண்டாவது மாடி, மூணாவது மாடியில இருக்கிற பாட்டிங்க பால்கனியிலேர்ந்து கயித்துல பையைக் கட்டி இறக்கிக் காய்கறி வாங்கறதை இந்த வாரம் பாத்திருப்பீங்க. நாளைக்கு அந்தப் பை கீழ வரும்போது அதுல கொஞ்சம் தேனும் தினைமாவும், பாட்டில்ல பானகமும் வைங்க. மேல ஏறினதும் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ ஒரு வீடியோ கால் போட்டு, போனை பால்கனிப் பக்கம் திருப்பிப் பிடிங்க. மாஸ்க்கைக் கழட்டாதீங்க. "அம்மா, தெரியறேனா?"னு அங்கேர்ந்து குரல் வரும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!